பார்த்தஸாரதியின் கோலும் நம் கைச் சாட்டையும்



சரம ச்லோகத்தில் ‘மாம்’ என்னும் பதத்துக்குப் பொருள் அருளிச்செய்யும் இடத்தில், பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில் பரமபதத்து இருப்பையோ திருப்பாற்கடல் பள்ளியையோ காட்டவில்லை. போர்க்களத்தில் ஒரு தேரோட்டியைக் காட்டுகிறார். குதிரை ஓட்டும் கோல் கையில் இருக்கிறது. கடிவாளக் கயிற்றைப் பற்றியிருக்கிறான். படைகள் கிளப்பிய தூசி திருமுடியில் படிந்திருக்கிறது; திருவடிகள் தேர்த்தட்டுக்குக் கீழே தொங்குகின்றன. ‘என்னைப் பற்று’ என்று அவன் சொன்னபோது சுட்டிய வடிவம் இதுவே என்பது ஆசார்யரின் திருவுள்ளம். ஸௌலப்யத்துக்கு இதற்கு மேல் ஓர் எல்லை இல்லை.

காலக்ஷேபத்தில் இந்த இடம் வரும்போது, புழுதியிலும் தொங்கும் திருவடிகளிலும் நெஞ்சு கரைந்துவிடுகிறது. கோலை நின்று பார்ப்பவர் குறைவு. ஆசார்யர் அதற்கு வழங்கும் பெயர் உழவுகோல். அது அலங்காரப் பொருள் அன்று. திருவாழியைப் போல அடியார்களின் விரோதிகள்மேல் செல்லும் ஆயுதமும் அன்று. ஒரு குற்றமும் செய்யாமல் தேரை இழுத்துக்கொண்டிருக்கும் குதிரைகளின்மேல் படுவதற்காக இருக்கிற பொருள். தயையே வடிவானவன் கையில் அதற்கு என்ன வேலை? அவன் கையில் இருந்ததனால் நம் கையிலும் இருக்கலாமா? இருக்கலாமென்றால், எதுவரை?

வேலூர்ச் சீமையில் வாழ்பவர்களுக்கு இது ஏட்டோடு நிற்கும் வினா அன்று. பாலாற்றங்கரையில் பள்ளிகொண்டாவில் உத்தர ரங்கநாதர் கண்வளர்ந்தருளுகிறார். வடகிழக்கே திருக்கடிகை மலையில் யோக ந்ருஸிம்ஹன் எழுந்தருளியிருக்கிறான். அணைக்கட்டு, கே.வி.குப்பம் முதலான பகுதிகளின் ஊர்களில் தை பிறந்தால் எருது விடும் விழா. ஊர்த்தெருவின் இருமருங்கும் தடுப்புக் கட்டி, காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார்கள். குறித்த தூரத்தை மிகக் குறைந்த நேரத்தில் ஓடிக் கடக்கும் காளைக்குப் பரிசு. நெற்றியில் நாமத்தோடு காளையின் கயிற்றைப் பிடித்து நிற்பவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்கள் நம்மவர்கள்.

இந்த விழாவின் அண்மை வரலாறு பலரும் அறிந்ததே. 2011ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு, காட்சிக்காகப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் தடை விதித்தது. 2017இல் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்கு இலக்கணம் கூறுகையில் எங்கள் பக்கத்து எருது விடும் விழாவையும் பெயர் சொல்லியே உள்ளடக்கியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் இசைந்துவிட்டதனால் தர்ம விசாரம் முடிந்துவிடவில்லை. தடை இருந்தவரை அது நீதிமன்றத்தின் கவலையாக இருந்தது. இப்போது முழுவதுமாக நம்முடைய கவலையாகிவிட்டது.

எங்கள் விழாவில் வண்டி இல்லை. ஆதலால் ஓட்டுபவனும் இல்லை. வண்டியும் ஓட்டுபவனும் உள்ள பந்தயத்தைப் பார்க்கவேண்டுமானால் மதுரை, சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கம் போகவேண்டும். அங்கே பெரிய மாடு, சின்ன மாடு என்று வகை பிரித்து, நெடுஞ்சாலையில் பல மைல் போய்த் திரும்பும்படி ஓட்டுகிறார்கள். கொங்கு நாட்டு ரேக்ளாவில் தூரம் குறைவு. 200 மீட்டர், 300 மீட்டர் என்று அளந்து நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். தென்பாண்டிப் பந்தயங்களில் வண்டியை ஓட்டுபவருக்கு வழங்கும் பெயர் சாரதி. கூடவே ஓடி மாட்டை முடுக்கும் துணைச் சாரதியும் உண்டு. பரிசளிப்பில் ‘சிறந்த சாரதி’ என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது திருவல்லிக்கேணியை நினைக்காமலிருக்க நம்மால் முடிவதில்லை.

சாட்டையைப் பற்றி நியாயமாகப் பேசவேண்டுமானால், அதற்கு உள்ள நேரான பயனை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மேல்நாடுகளில் குதிரை வண்டி ஓட்டுதல் ஒரு போட்டி விளையாட்டு. பிலிப் இளவரசர் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தலைவராக 1964 முதல் 1986 வரை இருந்த காலத்தில் அதற்கு ஒழுங்கான விதிகள் ஏற்பட்டன. நடைப் பயிற்சியைக் காட்டும் கட்டத்திலும், கூம்புகளுக்கிடையே வண்டியை நெளித்து ஓட்டும் கட்டத்திலும், ஓட்டுபவர் கையில் சாட்டை இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. அதன் வார், முன்னணிக் குதிரையைத் தொடுமளவு நீளமாகவும் இருக்கவேண்டும். அளவு மீறி அடித்தாலோ தகுதி இழக்க நேரும். வைத்திருக்கவும் வேண்டும், மிகுதியாகப் பயன்படுத்தவும் கூடாது என்பது முதலில் விந்தையாகத் தோன்றும். காரணம் எளியது. குதிரைமேல் அமர்ந்திருப்பவன் தன் கால்களாலும் உடம்பின் சாய்வாலும் அதனோடு பேசுகிறான். வண்டியில் இருப்பவனுக்குக் குதிரை எட்டாது. அவனிடம் இருப்பவை கயிறு, குரல், சாட்டை மூன்றே. கயிறு நிறுத்தவும் திருப்பவும் பயன்படும். வலப்பக்கத்துக் குதிரை சற்றே விலகவேண்டும், பின்தங்கும் ஒன்று தன் பங்கைச் சுமக்கவேண்டும் என்பதைத் தெரிவிக்கச் சாட்டையின் நுனி தோளை மெல்லத் தொடும். கால் இல்லாத இடத்தில் கால் செய்யும் வேலை அது. அங்கே சாட்டை ஒரு சொல்.

சொல்லாக இருக்கும் சாட்டைக்கு நம் சாஸ்த்ரமும் இடம் தருகிறது. மநு தம் நான்காம் அத்யாயத்தில் வண்டிப் பயணத்தைப் பற்றி இரண்டு ச்லோகங்கள் சொல்கிறார். பழக்கப்படாத, பசித்த, நோயுற்ற, கொம்பு முறிந்த, குளம்பு பிளந்த, கண் இழந்த விலங்குகளைப் பூட்டிச் செல்லாதே என்பது ஒன்று. நன்கு பழகிய, விரைந்து செல்லும் விலங்குகளைப் பூட்டு, கோலால் மிகுதியாகக் குத்தாதே என்பது மற்றது. இவற்றின் வரிசையைக் கவனிக்கவேண்டும். எவற்றைப் பூட்டலாகாது என்பது முதலில் வருகிறது. கோலுக்கான அளவு அதன் பின்னர்தான். தகுதியில்லாத விலங்கைப் பூட்டியபின் கோலின் அளவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சந்தையில் இளைத்த மாட்டை மலிவாகப் பிடித்து, அதைப் பந்தயத்தில் ஓடவைக்க நினைப்பவன் கோலைத் தொடுமுன்பே தவறிவிட்டான்.

கடோபநிஷத்தின் ரத ரூபகம் எல்லோரும் அறிந்தது. ஆத்மா தேரில் அமர்ந்தவன், சரீரம் தேர், புத்தி ஸாரதி, மனம் கடிவாளம், இந்த்ரியங்கள் குதிரைகள், விஷயங்கள் அவை ஓடும் வழிகள். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் ஆநுமாநிகாதிகரணத்தில் இதை விரித்தருளுகிறார். அந்தப் பட்டியலில் சாட்டை இல்லை! குதிரைகள் அடங்காதவையாக இருக்கக்கூடும் என்று உபநிஷத் சொல்கிறது; அப்போதும் அது கேட்பது உறுதியாகப் பிடித்த கடிவாளத்தையும் விவேகமுள்ள ஸாரதியையுமே. மைத்ராயணீயத்தில் இதே ரூபகம் சற்று மாறி வருகிறது. அங்கே சாட்டை உண்டு. அது ப்ரக்ருதியால் ஆனது. அதாவது, அடிபட்டு ஓடிக்கொண்டிருப்பது நாம். குணங்களின் அடி தாங்காமல் திசை தெரியாது ஓடுபவனுக்கு, இன்னொரு ஜீவன் அடிபட்டு ஓடும் காட்சி வேடிக்கையாக எப்படி இருக்க முடியும் என்பது அடியேனுக்கு விளங்கவில்லை.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அடித்தல், உதைத்தல், அளவுமீறி ஓட்டுதல், அளவுமீறிச் சுமத்துதல் ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது. ஆனால் அங்கே ஓர் அடைமொழி உண்டு: தேவையற்ற வலி. (முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு அது ஒரு வேளைச் சிற்றுண்டிக்கே போதாது.) 1965ஆம் ஆண்டின் விதிகள் இன்னும் தெளிவானவை. முள் வைத்த கோல், காயப்படுத்தும் கூரிய கருவி எதையும் வண்டி மாட்டின்மேல் பயன்படுத்தக் கூடாது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணிக்கும் 3 மணிக்கும் இடையே பூட்டவே கூடாது. சித்திரை வெயிலில் வேலூரில் இந்த விதியைக் கடைப்பிடித்தால், நண்பகலில் தெருவில் ஒரு மாட்டு வண்டியையும் காண முடியாது. காண முடிகிறது என்பதே விதியின் நிலையைச் சொல்லும்.

‘தேவையற்ற’ என்ற அந்தச் சொல்லில்தான் நம் விசாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தேவை யாருடையது? வண்டி பள்ளத்தில் சரியும்போது மாட்டைச் சட்டென்று ஒதுக்க ஓர் அடி விழுந்தால், அந்தத் தேவை மாட்டுக்கும் உண்டு. எதிரே பேருந்து வரும்போதும் அப்படியே. பந்தயத்தின் கடைசி நூறு கஜத்தில் விழும் அடி வேறு. மாடு அப்போது தன்னிடம் உள்ளதையெல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. நுரை தள்ளுகிறது, விலா ஏறி இறங்குகிறது. அந்த நேரத்தில் விழும் அடி மாட்டுக்கு எதையும் தெரிவிக்கவில்லை. ‘திரும்பு’ என்றோ ‘விலகு’ என்றோ சொல்லவில்லை. இல்லாததைக் கொடு என்று கேட்கிறது. சொல்லாக இருந்த சாட்டை அங்கே கடன்காரனின் கையாகிவிடுகிறது. பரிசு மாட்டுக்கு வேண்டியதில்லை. முதலாவது வந்தோமா மூன்றாவது வந்தோமா என்பதும் அதற்குத் தெரியாது.

அந்த அடியால் கேட்டதாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் ஐயத்துக்குரியது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பந்தயக் குதிரைகள் சாட்டை படாத கட்டத்திலேயே மிகுந்த வேகத்தில் ஓடின. கடைசி 400 மீட்டரில் அடி மிகுந்ததனால் ஓட்டம் சிறக்கவில்லை. குதிரையின் தோல் தடிப்பானது, அதற்கு உறைக்காது என்பார்கள். 2020இல் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், வலியை உணரும் நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் மேல்தோலின் தடிப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நார்வே நாட்டில் 1982இலேயே, பந்தயக் குதிரையை முடுக்குவதற்காக அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். அங்கே பந்தயம் நின்றுவிடவில்லை.

தோலைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிடுகிறார்கள். முன்னாளில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்தார்கள். இப்போது குரோமிய உப்பு. முறை எதுவானாலும் முதலில் சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கவேண்டும். மயிர் நீங்கியதும், அதுவரை மறைந்திருந்த எல்லாம் வெளியே வந்துவிடும். கழுத்தில் நுகம் அழுத்திக் காய்த்த இடம், தொடையில் சூடு போட்ட வடு, உண்ணி கடித்த புள்ளிகள், வேறொரு மாட்டின் கொம்பு கீறிய கோடு, பின்புறத்தில் தாற்றாணி குத்திய தழும்புகள். தரம் பிரிப்பவர் விரலால் தடவிப் பார்த்து, வடு மிகுந்த தோலைக் கீழ்த்தரத்தில் ஒதுக்குவார். அவர் பார்ப்பது விலைக்காக. ஆனாலும் அந்த மாட்டின் வாழ்க்கை முழுவதையும் அவர் படித்துவிடுகிறார். ஆறின காயமும் அந்த மேற்பரப்பில் எழுதிவைத்தபடியே நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. சாட்டையின் வார் தோலால் ஆனது. அந்த வாராகப் பயன்படும் தோலும் ஒருகாலத்தில் இப்படி ஏதோ ஓர் உடம்பைப் போர்த்தியிருந்ததுதான்.

இனி, நம் ஸம்ப்ரதாயத்துக்குள்ளிருந்தே எழும் ஓர் ஆக்ஷேபத்தைப் பார்க்கவேண்டும். மற்றவற்றைவிட அதுவே கடினமானது. எம்பெருமான் நம்மை அடித்துத் திருத்துகிறான் என்று நாம் நம்புகிறோம். துன்பத்தையும் அவன் அநுக்ரஹமாகக் கொள்ளக் கற்றிருக்கிறோம். குலசேகரப் பெருமாள் பெருமாள் திருமொழியில் வித்துவக்கோட்டு எம்பெருமானைப் பாடும் ஐந்தாம் திருமொழியில் மருத்துவனை உவமை சொல்கிறார். கத்தியால் கீறி, சூட்டுக்கோலால் தீய்த்தாலும் நோயாளிக்கு மருத்துவனிடம் உள்ள அன்பு குறைவதில்லை. அதுபோலவே நீ எத்தனை துயர் தந்தாலும் உன்னையே பார்த்திருப்பேன் என்கிறார். ‘அப்படியானால் அடியும் அன்பாக இருக்கலாமே. காளையை வளர்ப்பவன் அதைப் பிள்ளைபோல் வளர்க்கிறான். பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் ஊட்டுகிறான். ஓட்டும்போது இரண்டு அடி வைத்தால் என்ன குறை?’ என்று கேட்பவர்கள் உண்டு. வளர்ப்பவர்களின் அன்பை அடியேன் ஐயுறவில்லை. தான் உண்ணாமல் காளைக்கு வைக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு.

ஆனால் அந்தப் பாசுரம் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். கத்திக்கு அடியில் கிடப்பவன் வாயிலிருந்து வருகிறது. கத்தியைப் பிடித்தவன் அதைச் சொல்லவில்லை. நோயாளி, ‘நீ அறுத்தாலும் உன்னை நேசிப்பேன்’ என்று சொல்லும்போது அது பக்தி. மருத்துவன் நோயாளியைப் பார்த்து, ‘நான் அறுத்தாலும் நீ என்னை நேசிக்கவேண்டும்’ என்று சொன்னால் அதற்குப் பெயர் வேறு. துன்பத்தை ப்ரஸாதமாகக் கொள்ளும் உபதேசம் முழுவதும் துன்பப்படுகிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்காக ஏற்பட்டது. அடிப்பவன் அதை எடுத்துத் தன் கைக்கு நியாயமாக்கிக்கொள்ள ஆழ்வார் இடம் வைக்கவில்லை. மேலும், மருத்துவனின் கத்தி நோயாளியின் நோயைத் தேடிப் போகிறது. பந்தயச் சாட்டை மாட்டிடத்தில் எந்த நோயையும் தேடவில்லை.

‘மாடாய்ப் பிறந்தது அதன் கர்மம்’ என்ற பேச்சையும் இதே துலாக்கோலில் நிறுக்கவேண்டும். பாகவதர்கள் வீடுகளிலும் இது வெகு எளிதாகச் சொல்லப்படுகிறது. என் தலைவலிக்கு என் கர்மம் காரணம் என்று நான் எண்ணினால் பொறுமை வளரும். உன் தலைவலிக்கு உன் கர்மம் காரணம் என்று நான் எண்ணினால் என் நெஞ்சு இறுகும். ஒரே ஸித்தாந்தம்தான், எந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறோம் என்பதில் அது மருந்தாகவோ நஞ்சாகவோ ஆகிவிடுகிறது. எம்பார், வாயில் முள் தைத்து வருந்திய பாம்பைக் கண்டபோது அதன் கர்மத்தைப் பற்றி விசாரம் செய்ததாகக் குருபரம்பரை சொல்லவில்லை. விரலை விட்டு முள்ளை எடுத்தார். தீண்டினால் உயிர் போகும் பிராணியின் வாயிலிருந்து முள்ளை எடுத்த மஹான்களின் அடிப்பொடி என்று சொல்லிக்கொள்ளும் நாம், நமக்காகவே உழைக்கும் பிராணியின்மேல் தாற்றாணியால் முள்ளை ஏற்றுகிறோம்.

மாடு ‘என்னுடையது’ என்னும் எண்ணமும் இதனோடு சேர்ந்தது. சேதனம் அசேதனம் அனைத்தும் அவனுக்கு சரீரம் என்று சொல்லும் தர்சனத்தில், காளையின் பட்டாவை என் பெயருக்கு எழுத வழியில்லை. நாம் நமக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பாரதந்த்ர்யத்தை, நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்து நிற்கும் எருதைப்போல் குறைவற அநுஷ்டிக்கும் ஜீவன் வேறொன்று உண்டோ? எப்போது பூட்டுகிறார்கள், எங்கே போகிறோம், எப்போது அவிழ்ப்பார்கள் என்று அது கேட்பதில்லை. நாம் ஆயிரம் முறை கேட்கிறோம்.

பந்தயத்தை மட்டும் பேசிவிட்டுக் கோயில் யானையைப் பேசாமல் விடுவது முறையாகாது. திவ்யதேசங்களில் புறப்பாட்டுக்கு முன்னால் யானை வரும் அழகை ஸேவித்து மகிழ்கிறோம். பாகனின் அங்குசமோ காதுமடலின் பின்னே மறைந்திருக்கிறது. காளைக்கு ஒரு நீதி, கைங்கர்யத்தில் இருக்கும் யானைக்கு வேறொரு நீதி என்று வைத்தால், நம் விசாரம் வேலூர்க்காரர்களை மட்டும் குறைசொல்வதற்காகச் செய்ததாக முடியும். கஜேந்த்ரனுக்காக ஓடிவந்தவனின் ஸந்நிதியில் அது நடக்கிறது என்பதால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இதை விரித்து எழுத இங்கே இடமில்லை.

மீண்டும் உழவுகோலுக்கு வருவோம். அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர், ஸ்ரீபாகவதம் முதல் ஸ்கந்தத்தில், உயிர் பிரியும் வேளையில் இந்த வடிவத்தையே நினைக்கிறார்: கோலை ஏந்தி, குதிரைகளின் கயிற்றைப் பற்றி நிற்கும் அழகன். அங்கே அவர் அவனுக்குத் தரும் அடைமொழி ஒன்று உண்டு. அர்ஜுனனின் தேரைத் தன் குடும்பமாகக் கொண்டவன் என்கிறார். குடும்பம் என்ற சொல்லையே இடுகிறார். தேர் என்றால் அதில் அமர்ந்தவன் மட்டும் அல்லனே. அதை இழுப்பவையும் சேர்ந்ததுதானே? அந்தக் கோல் குடும்பத் தலைவன் கையில் இருந்த கோல். பகைவர் அம்பு வந்தபோது குடும்பத்துக்கு முன்னே நின்று முகத்தில் வாங்கிக்கொண்டவனும் அவனே. திருவல்லிக்கேணியில் உத்ஸவரின் திருமுக மண்டலத்தில் அந்த வடுக்களை இன்றும் ஸேவிக்கிறோம். ஸாரதியின் முகத்தில் வடு. குதிரைகளின் முதுகில் சாட்டை வடு இருந்ததாக எங்கும் கேட்டதில்லை.

அந்தக் கோலை அவன் சினந்து ஓங்கிய ஓர் இடம் பாரதத்தில் உண்டு. ஒன்பதாம் நாள் போரில், அர்ஜுனன் பாட்டனார்மேல் மனம் வைத்து மெல்லப் போர் புரிந்தபோது, கண்ணன் கயிற்றை விட்டுவிட்டு, கோலும் கையுமாகத் தேரிலிருந்து குதித்துப் பீஷ்மரை நோக்கி ஓடினான். தயங்கியவன் அர்ஜுனன், ஆனால் அந்தத் தயக்கத்துக்காகக் குதிரைகள்மேல் கோலை ஓங்கவில்லை. எதிரே படை நடத்தி நின்றவரை நோக்கியே ஓடினான்.

பந்தயம் என்றாலும் அதற்கு நிகரானது பாரதத்திலேயே இருக்கிறது. பதினான்காம் நாள். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனை வீழ்த்தாவிட்டால் தீயில் புகுவேன் என்று அர்ஜுனன் சபதம் செய்துவிட்டான். நடுவே கௌரவர் சேனை முழுவதும் வியூகமாக நிற்கிறது. நேரத்தோடு இப்படியொரு பந்தயத்தை எந்த ஸாரதியும் ஓட்டியிருக்க மாட்டான். தோற்றால் பரிசு போவதில்லை, தேரில் இருப்பவன் உயிர் போகும். பொழுது உச்சி திரும்பியபின் குதிரைகள் அம்பு தைத்துத் தளர்ந்துவிட்டன. இன்றைய பந்தயத் தெருவில் நிற்பவர்கள் அப்போது என்ன கத்துவார்கள் என்பது நமக்குத் தெரியும். குதிரைகளை அவிழ்க்கவேண்டும் என்று அர்ஜுனன் சொல்ல, கண்ணனும் அதற்கு இசைந்து தேரை நிறுத்தினான். பகைவர் நடுவே, திறந்த வெளியில். அர்ஜுனன் கீழே இறங்கி நின்று தனியே படையைத் தடுத்தான். அம்பால் நிலத்தைப் பிளந்து நீர்நிலை உண்டாக்கினான். அம்புகளாலேயே ஒரு கூடமும் அமைத்தான். கண்ணன் அதற்குள் குதிரைகளைக் கொண்டுபோய், இரு கைகளாலும் அவற்றின் உடம்பில் தைத்த அம்புகளைப் பிடுங்கினான், தேய்த்துவிட்டான், நடக்கவிட்டான், நீர் காட்டினான். அவை தண்ணீர் குடித்து, தீனி தின்று, களைப்பு நீங்கும்வரை காத்திருந்தான். பிறகுதான் மறுபடி தேரில் பூட்டினான். ஜயத்ரதன் அப்போது இன்னும் தூரத்தில் இருந்தான். வெயில் தாழத் தொடங்கியிருந்தது.